96 ஹெர்ட்ஸில் முனகும் ஃபேனை அடக்குவது எப்படி

மில்லின் பின்சுவரில் 1200 மி.மீ. விட்டமுள்ள ஆக்சியல் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று, அதாவது காற்றை அச்சின் நேராகவே வெளியே தள்ளும் ஃபேன். சுவருக்கு அந்தப் பக்கம் சந்து, சந்தைத் தாண்டினால் ஓட்டு வீடு. அந்த வீட்டுப் பாட்டிக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை என்று சொல்லி மில்லில் இருந்து என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஃபேனுக்கு வெளியே தகரப் பெட்டி கட்டி, உள்ளே 50 மி.மீ. ராக்வூல் (சத்தம் உறிஞ்சும் பஞ்சு) ஒட்டினேன். ஒரு வாரம் பிடித்தது. மீட்டரில் 6 டெசிபல் இறங்கியிருந்தது. சந்தோஷமாகப் பாட்டியிடம் போய்க் கேட்டேன்.

"இரைச்சல் கொறைஞ்சிருக்குது கண்ணு. ஆனா ஊம்ம்னு ஒண்ணு முனகுது பாரு, அது அப்படியேதான் இருக்குது. நெஞ்சுக்குள்ளயே வந்து உக்காந்துக்குது."

அவர் காது சொன்னதுதான் சரி, என் மீட்டர் சொன்னது அரைகுறை. கோவைப் பக்கத்து நூல் மில்களின் ஹியூமிடிபிகேஷன் பிளான்ட்டுகளில், அதாவது மில்லின் காற்றில் ஈரப்பதத்தைக் காக்கும் இடங்களில், 22 வருஷமாக ஃபேன் வேலை பார்க்கிறேன். அந்த ஒரு வேலைக்குப் பிறகுதான் ஃபேன் சத்தத்தை நான் அணுகும் முறையே மாறியது. சத்தம் வெளியே வந்த பிறகு அதை மூடப் பார்ப்பதை விட்டுவிட்டு, காற்று பிளேடுக்கு வந்து சேரும் வழியை முதலில் பார்க்க ஆரம்பித்தேன். உங்கள் இடத்தில் ஒரு ஆக்சியல் ஃபேன் தொல்லை கொடுத்தால் நீங்களும் அதே வரிசையில் போகலாம்.

முதலில் நிறுத்திக் கேளுங்கள்

ஃபேன் முழு வேகத்தில் ஓடும்போது ஐந்தாறு சத்தம் ஒன்றாகக் கலந்து வரும். பிரிக்கச் சுலபமான வழி, ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கேட்பது. அணைத்த நொடியிலேயே சட்டென்று செத்துப்போகும் சத்தம் மோட்டாரின் மின்சார முனகல். வேகம் குறையக் குறையத் தொனியும் தாழ்ந்துகொண்டே போனால் அது பிளேடு போடும் சத்தம். காற்றிரைச்சல் அடங்கிய பிறகும் கரகரவென்று ஏதாவது கேட்டால் பேரிங். இந்த அரை நிமிஷச் சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

அடுத்தது கணக்கு. ஒரு நிமிஷத்துச் சுற்றுகளைப் பிளேடு எண்ணிக்கையால் பெருக்கி 60-ஆல் வகுங்கள். அந்த ஃபேனுக்கு 6 பிளேடு, 6 போல் மோட்டார், 960 ஆர்பிஎம். 960 × 6 ÷ 60 = 96 ஹெர்ட்ஸ். பிளேடு கடக்கும் அதிர்வெண் இதுதான். இதன் இரண்டு மடங்கு 192, மூன்று மடங்கு 288 ஆகியவையும் கூடவே வரும். போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு, காற்று நேராக அடிக்காத இடத்தில் பிடித்துப் பாருங்கள். 96-இல் ஊசி மாதிரி ஒரு முனை எழுந்து நின்றால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. 16 ஹெர்ட்ஸில், அதாவது சுற்றுக்கு ஒரு தடவை அதிர்ந்தால் அது பேலன்ஸ் கோளாறு. மில்லில் இதற்குப் பெரும்பாலும் காரணம் பிளேடில் ஒட்டிய பஞ்சுதான். மற்ற எதையும் தொடுவதற்கு முன் பிளேடுகளைத் துடைத்துவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே மோட்டாரின் முனகல் 100 ஹெர்ட்ஸில் வரும். 96-உம் 100-உம் சேர்ந்தால் நொடிக்கு 4 தடவை ஏறி இறங்கும் அலையாகக் காதில் விழும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஃபேன் இருந்து, ஒன்று 960-இலும் மற்றொன்று 950-இலும் ஓடினால் நொடிக்கு ஒரு தடவை ஏறி இறங்கும். பலர் இதைக் கேட்டுவிட்டு பேரிங் போய்விட்டது என்று கழற்றிவிடுகிறார்கள். நல்ல பேரிங்கைக் கழற்ற வேண்டாம், முதலில் ஒரு ஃபேனை மட்டும் ஓட்டிக் கேளுங்கள்.

மீட்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சாதாரணமாக அளப்பது ஏ-வெயிட்டிங்கில், அதாவது காதுக்கு மந்தமாகக் கேட்கும் தாழ்ந்த அதிர்வெண்களைக் குறைத்து எண்ணும் முறையில். அது 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் காட்டும். நான் ராக்வூல் ஒட்டி இறக்கிய 6 டெசிபல் முழுக்க மேல் அதிர்வெண்களின் இரைச்சல். பாட்டியை எழுப்பிய 96 ஹெர்ட்ஸை அந்த மீட்டர் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்று சொல்லலாம். மீட்டரில், தாழ்ந்த அதிர்வெண்களை அவ்வளவாகக் கழிக்காத சி-வெயிட்டிங்குக்கு மாற்றி இன்னொரு முறை அளந்து எழுதிவையுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 15 டெசிபலைத் தாண்டினால் உங்கள் பிரச்சினை தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. சட்டப்படி பார்த்தால் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல், பகலில் 55, இரண்டும் ஏ-வெயிட்டிங். அந்த எண்ணுக்குள் வந்துவிட்டாலும் பக்கத்து வீட்டில் தூக்கம் வராமல் இருக்கலாம். அதனால்தான் ஆளிடம் போய்க் கேட்கச் சொல்கிறேன்.

காற்று வரும் வழியைச் சரிசெய்யுங்கள்

பாட்டி சொன்ன மறுநாள் பிளான்ட் ரூமுக்குள் போய், ஃபேனின் உறிஞ்சும் பக்கம் நின்று பார்த்தேன். பார்த்ததும் புரிந்தது. மோட்டாரைத் தாங்கும் கைகள் பிளேடுக்கு முன்னால், காற்று வரும் வழியிலேயே இருந்தன. 50 மி.மீ. ஆங்கிள் இரும்பு, அதுவும் 6 கை. பிளேடும் 6.

சீரான காற்றில் சுற்றும் பிளேடு இந்த வேகத்தில் பெரிதாகச் சத்தம் போடாது. பிளேடின் மேல் விழும் அழுத்தம் திடீர் திடீரென்று மாறும்போதுதான் சத்தம் பிறக்கிறது. ஆற்றில் நட்ட கல்லுக்குப் பின்னால் தண்ணீர் சுழல்கிற மாதிரி, ஒவ்வொரு கைக்குப் பின்னாலும் காற்றில் ஒரு தளர்ச்சி இருக்கும். பிளேடு அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு உதறல். 6 பிளேடுக்கு 6 கை என்றால், ஆறு பிளேடும் ஒரே நொடியில் ஆறு கைகளையும் கடக்கும். ஆறு பேர் சேர்ந்து ஒரே அடியாகப் பறையில் அடிப்பது போல. 5 கை இருந்தால் ஒவ்வொன்றாக முறைவைத்துக் கடக்கும், ஒரு பக்கம் தள்ளும்போது எதிர்ப்பக்கம் இழுக்கும், பெரும்பகுதி ஒன்றையொன்று அழித்துவிடும். 1962-இல் டைலர், சோஃப்ரின் என்ற இரண்டு பொறியாளர்கள் விமான என்ஜின் கம்ப்ரசர்களை வைத்து இந்தக் கணக்கை முழுமையாக எழுதினார்கள். நம் சுவர் ஃபேனுக்கும் அதே கணக்குதான். சுழலும் பிளேடு எண்ணிக்கையும், நிற்கும் கைகளின் எண்ணிக்கையும் சமமாக இருக்கக் கூடாது. ஒன்று மற்றொன்றின் மடங்காகவும் இருக்கக் கூடாது. 6 பிளேடுக்கு 3 கையும் தப்புதான். 5 அல்லது 7 வையுங்கள்.

ஃபேனைத் திருப்பிப் பொருத்தி, மோட்டாரையும் கைகளையும் பிளேடுக்குப் பின்னால், காற்று வெளியேறும் பக்கம் கொண்டுபோனேன். திருப்பும்போது காற்றின் திசையையும் பிளேடின் வளைவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டாரை எதிர்த்திசையில் சுற்றவிட்டால் மட்டும் போதாது, பிளேடின் குழிந்த முகம் காற்றைத் தள்ளும் பக்கம்தான் இருக்க வேண்டும். கைகளை ஐந்தாக்கி, ஆங்கிளுக்குப் பதில் உருண்டைக் குழாய் போட்டு, நேர் ஆரமாக இல்லாமல் கொஞ்சம் சாய்த்து வெல்டு வைத்தோம். சாய்வு எதற்கு என்றால், பிளேடின் முழு ஓரமும் ஒரே சமயத்தில் கையைக் கடக்காது, கத்தரிக்கோல் வெட்டுவது போல அடியிலிருந்து நுனிக்குப் போகும். பிளேடுக்கும் கைக்கும் நடுவே குறைந்தது பிளேடின் அகலம் அளவுக்கு இடம் விடுங்கள். எங்களுக்கு அது 150 மி.மீ.

அப்புறம் பெல்மவுத், காற்று நுழையும் இடத்தில் மணியின் வாய் போல விரிந்த வளைவு. பல இடங்களில் சுவரில் வட்டமாக ஓட்டை போட்டு, ஃபேனின் வட்டக் கூடான கேசிங்கை அதில் நேரே செருகிவிடுகிறார்கள். கூர்மையான விளிம்பில் காற்று வளைந்து வரமுடியாமல் பிய்ந்துபோகும். அந்தப் பிய்ந்த காற்றைத்தான் பிளேடு நுனி வெட்டிக்கொண்டே இருக்கும். நுனிதான் வேகமாகச் சுற்றும் இடம், சத்தமும் அங்கேதான் அதிகம். விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது ஆரமுள்ள வளைவு வேண்டும். 1200 ஃபேனுக்கு 120 மி.மீ., இடம் இருந்தால் 180 வரை போகலாம். தகரத்தில் ஸ்பின்னிங் செய்து தருகிறார்கள், ஃபைபரிலும் செய்யலாம். என் கணக்கில் ஒரு ஃபேனுக்குச் செய்யும் செலவுகளில் இதற்கு ஈடான பலன் வேறு எதிலும் இல்லை. காற்றும் கூடும், சத்தமும் குறையும்.

பறவை வலையைப் பிளேடை ஒட்டிப் போடாதீர்கள். பெல்மவுத்தின் அகன்ற வாயில் போட்டால் அங்கே காற்றின் வேகம் குறைவு, தொந்தரவும் குறைவு. ஃபேனுக்கு முன்னால் டக்ட் (காற்றுக் குழாய்) வளைவு இருந்தால், வளைவுக்கும் ஃபேனுக்கும் நடுவே ஒன்று முதல் இரண்டு விட்டம் நேர்ப்பாதை விடுங்கள். இடமில்லை என்றால் வளைவுக்குள் திருப்புத் தகடுகள் வையுங்கள்.

கைகளையும் பெல்மவுத்தையும் மட்டும் மாற்றிய அன்று ராத்திரி 96 ஹெர்ட்ஸ் முனை 9 டெசிபல் இறங்கியிருந்தது. ராக்வூல் பெட்டியை மில்காரர்கள் கழற்றி எடுத்துவிட்டார்கள்.

நுனி இடைவெளியும் கோணமும்

கை உள்ளே போவதற்கு முன் மெயினை அணைத்து, ஃபியூஸைக் கழற்றி உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், எச்சரிக்கைப் பலகை மாட்டுங்கள். அதோடு பிளேடைக் கயிற்றால் கட்டுங்கள். பக்கத்து ஃபேன் ஓடினால் அந்த இழுப்பிலேயே இந்த ஃபேன் தானாகச் சுற்றும். விரல் போன ஆட்களை எனக்குத் தெரியும்.

கேசிங்கின் நான்கு இடத்தில் குறி வைத்து, ஒவ்வொரு பிளேடையும் கையால் சுற்றி அங்கே நிறுத்தி இடைவெளியை அளந்து எழுதுங்கள். விட்டத்தில் அரை சதவீதம் நல்ல அளவு, ஒரு சதவீதம் வரை பொறுக்கலாம். 1200-க்கு 6 மி.மீ. நல்லது, 12-ஐத் தாண்டினால் நுனியைச் சுற்றிக் காற்று திரும்பி ஓடும், அழுத்தம் குறையும், இரைச்சல் ஏறும். ஒரு பக்கம் 4, எதிர்ப்பக்கம் 14 என்று வந்தால் கேசிங் வட்டமாக இல்லை. ஜாக்கி வைத்து நிமிர்த்தி, ரிங் வெல்டு பண்ணுங்கள்.

கோணத்தை டிஜிட்டல் லெவல் வைத்து, எல்லாப் பிளேடிலும் மையத்தில் இருந்து ஒரே தூரத்தில் அளக்க வேண்டும். ஒன்றுக்கொன்று அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. காற்று போதவில்லை என்று கோணத்தை ஏற்றிக்கொண்டே போகும் பழக்கம் எல்லா மில்லிலும் உண்டு. அதில்தான் அடுத்த ஆபத்து இருக்கிறது.

ஃபில்டர் அடைத்தால் ஃபேன் திணறும்

ஆக்சியல் ஃபேனுக்குத் தாங்கும் எல்லை என்று ஒன்று உண்டு. எதிர்ப்பு கூடக் கூடக் காற்று குறையும், ஒரு கட்டத்தில் காற்று பிளேடின் முதுகை விட்டுப் பிரிந்துவிடும். ஸ்டால் என்பது இதைத்தான். அப்போது குடகுடவென்று தாழ்ந்த அதிர்வு வரும், கேசிங் ஆடும், சத்தம் சீராக இல்லாமல் தாறுமாறாக ஏறி இறங்கும். அந்த நிலையில் நாள்கணக்கில் ஓடினால் பிளேடே உடையும்.

கண்டுபிடிக்க ஆம்ப்மீட்டர் போதும். காற்றைப் பக்கவாட்டில் வீசும் வழக்கமான சென்ட்ரிபியூகல் புளோயரில் வழி அடைத்தால் ஆம்ப்ஸ் இறங்கும். ஆக்சியலில் நேர்மாறு, அடைத்தால் ஏறும். ரோட்டரி ஃபில்டரில் பஞ்சு அப்பி, ஆம்ப்ஸ் ஏறி, சத்தமும் குடகுடவென்றால் பிளேடில் கை வைக்காதீர்கள், ஃபில்டரைச் சுத்தம் பண்ணுங்கள். அந்த நேரத்தில் கோணத்தை ஏற்றினால் ஸ்டால் இன்னும் மோசமாகும். கோணத்தை இரண்டு டிகிரி இறக்கினால்தான் சில சமயம் காற்றே கூடும். நம்பக் கஷ்டமாக இருக்கும், செய்து பாருங்கள்.

வேகத்தைக் குறைப்பது

வழியைச் சீராக்கிய பிறகு மிச்சம் இருக்கும் சத்தத்துக்கு மருந்து, வேகம்தான். காற்றின் அளவு வேகத்தோடு நேராகக் குறையும், அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக, மின்சாரம் மூன்றாம் அடுக்காக. சத்தமோ வேகத்தின் ஐந்தாம் அடுக்கை ஒட்டிப் போகும். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் சுமார் 5 டெசிபல் இறங்கும், மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும். பாதி வேகத்துக்கு 15 டெசிபல். அந்த மில்லில் மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ் போட்டு, வெளிக்காற்று குளிர்ந்திருக்கும் ராத்திரியில் மட்டும் 50-க்குப் பதில் 42 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓட்டினோம். கூடுதலாக 4 டெசிபல் கிடைத்தது.

டிரைவ் போட்டதும் மோட்டார் கீச்சென்று விசிலடித்தால் பயப்பட வேண்டாம், அது டிரைவின் கேரியர் அதிர்வெண். 2 கிலோஹெர்ட்ஸில் இருந்து 4-க்கோ 6-க்கோ ஏற்றினால் அடங்கும், டிரைவ் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், அவ்வளவுதான். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஃபிரேம் ஆடினால் அந்த வேகத்தைத் தாண்டிப் போகும்படி டிரைவிலேயே அமைத்துவிடலாம்.

ஃபேனைத் தாங்கும் ரப்பரைப் பற்றிச் சுருக்கமாக. உதாரணத்துக்கு 720 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 12 சுற்று. அதிர்வு தரைக்கு இறங்காமல் இருக்க, தாங்கியின் சொந்த அதிர்வெண் 4 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு எடை ஏறியதும் தாங்கி 16 மி.மீ. அமுங்க வேண்டும். சாதாரண ரப்பர் அவ்வளவு அமுங்காது. ஸ்பிரிங் போடுங்கள். ஃபேனுக்கும் டக்ட்டுக்கும் நடுவே கேன்வாஸ் இணைப்பு தளர்வாக இருக்கட்டும், இழுத்துக் கட்டினால் அது இருந்தும் பயனில்லை.

புது ஃபேன் வாங்குவதாக இருந்தால்

பெரிதாக வாங்குங்கள், மெதுவாக ஓட்டுங்கள். இதில் எனக்குத் தயக்கமே கிடையாது. நிமிஷத்துக்கு 24,000 கன அடி காற்று வேண்டும் என்று வையுங்கள், நொடிக்கு 11.3 கனமீட்டர். 900 மி.மீ. ஃபேனில் அது நொடிக்கு 17.8 மீட்டர் வேகத்தில் வெளியேறும், 1200-இல் 10 மீட்டர். வெளியே போய் வீணாகும் வேக அழுத்தம் 190 பாஸ்கலில் இருந்து 60-க்கு இறங்கிவிடும். காற்றிலேயே ஒன்றரை கிலோவாட் மிச்சம், மோட்டாரில் அதைவிடக் கூட. 900 ஃபேன் 1440-இல் சுற்றினால் நுனி வேகம் நொடிக்கு 68 மீட்டர். 1200 ஃபேனுக்கு அதே காற்றைத் தர 610 ஆர்பிஎம் போதும், நுனி வேகம் 38 மீட்டர்தான். கணக்குப்படி சத்தம் 10 டெசிபல் குறைவு, காதுக்குப் பாதியாகக் கேட்கும்.

ஆனால் சுவரில் நேரே வெளியே தள்ளும் ஃபேனுக்குத்தான் இது அப்படியே பொருந்தும். ஃபில்டர், ஏர் வாஷர், நீண்ட டக்ட் எல்லாம் இருந்தால் வேகத்தை அவ்வளவு இறக்க முடியாது, அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகிவிடும், ஃபேன் ஸ்டாலுக்குள் போகும். அங்கே ஹப் (பிளேடுகள் பொருந்தும் நடு வட்டு) பெரிதாகவும் பிளேடு அதிகமாகவும் உள்ள ஃபேன் கேளுங்கள். விற்பவரிடம், காற்றின் அளவுக்கு ஏற்ப அழுத்தம் மாறுவதைக் காட்டும் வரைகோட்டை வாங்கி, உங்கள் அழுத்தம் ஸ்டால் அழுத்தத்தில் 70 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டர் புதிதாக இருக்கும் நாளின் அழுத்தத்தை வைத்துப் பார்க்காதீர்கள், பஞ்சு அப்பிய நாளின் அழுத்தத்தை வைத்துப் பாருங்கள்.

பிளேடு ஏரோஃபாயில் வடிவத்தில், அதாவது விமான இறக்கை போல, இருக்கட்டும். தகடு வளைத்த பிளேடில் பின்விளிம்பு மொட்டையாக இருக்கும், அங்கே சுழல்கள் வரிசையாகக் கழன்று சீறும். காற்றின் வேகத்தை விளிம்பின் தடிமனால் வகுத்து 0.2-ஆல் பெருக்கினால் அதன் அதிர்வெண் வரும். 60 மீட்டர் வேகம், 3 மி.மீ. விளிம்பு என்றால் 4000 ஹெர்ட்ஸ், காதுக்கு மிகவும் உறைக்கும் இடம். தகடு பிளேடாக இருந்தால் விளிம்பை அரத்தால் சரிவாக்கலாம், எல்லாவற்றிலும் ஒரே அளவு, பிறகு பேலன்ஸ் கட்டாயம். ஃபைபர் பிளேடில் அரம் வைக்காதீர்கள், இழை வெளியே வந்துவிடும். ஆந்தைச் சிறகின் ஓரம் போலப் பல்பல்லாக வெட்டிய பின்விளிம்புள்ள பிளேடுகளும் இப்போது கிடைக்கின்றன, அதுவும் இந்தச் சீறலைக் குறைக்கத்தான். கார் ரேடியேட்டர் ஃபேனில் பிளேடுகளின் இடைவெளி சமமில்லாமல் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மொத்தச் சத்தம் அதனால் குறைவதில்லை, ஒரே தொனியாகக் குவியாமல் பல தொனியாகச் சிதறும், எரிச்சல் குறையும்.

சைலன்சர் கடைசியில்தான்

இவ்வளவும் செய்த பிறகும் வேண்டுமென்றால் சைலன்சர் வையுங்கள். முட்டை அட்டை, மெல்லிய ஃபோம் எல்லாம் பணத்துக்குக் கேடு. 96 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.6 மீட்டருக்கு மேல், 50 மி.மீ. பஞ்சு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நான் அன்று செய்த தப்பு அதுதான். வேகம் மாறாத ஃபேனாக இருந்தால், டக்ட்டின் பக்கவாட்டில் அலைநீளத்தின் கால் பங்கு, அதாவது 910 மி.மீ. நீளமுள்ள மூடிய குழாயைக் கிளையாக வைத்தால் அந்த ஒரு தொனியைப் பிடித்துக்கொள்ளும். டிரைவ் போட்டு வேகம் மாற்றினால் அது வேலை செய்யாது.

வேலை முடிந்த அன்றே ஆர்பிஎம், ஆம்ப்ஸ், ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம், ஏ-இலும் சி-இலும் டெசிபல், 96 ஹெர்ட்ஸ் முனையின் உயரம், ஆறையும் பெயின்ட் மார்க்கரால் கேசிங்கிலேயே எழுதிவிடுங்கள். அளந்த இடத்தில் தரையிலும் ஒரு குறி போடுங்கள், அடுத்த மாதம் அதே இடத்தில் நின்றுதான் அளக்க வேண்டும். அந்த மில்லில் நான் எழுதிவைத்தது இன்னும் அழியாமல் இருக்கிறது. போன முறை போனபோது ஆம்ப்ஸ் ஒன்றரை கூடியிருந்தது. ஃபில்டரைத் திறக்கச் சொன்னேன்.